கீழக்கரிசல் ஆட்டைக் குனிந்து பார்த்து வாங்குங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் செம்மறி வளர்க்கலாம் என்று புதிதாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "செவலையா இருந்தா கீழக்கரிசல்தானே?" என்பது. இல்லை. கீழக்கரிசல் என்பது மேலே செம்பழுப்பும் அடியில் கருப்புமாக இருக்கும் நம் பக்கத்துச் செம்மறி இனம். முதுகுச் செவலை மட்டும் போதாது. இந்த ஒரு தப்பைச் செய்து பணத்தை விட்டவன் நானே என்பதால் அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

முதன்முதலாக ஒரு தரகர் மூலம் ஆறு பெட்டை வாங்கினேன். முதுகு நல்ல செம்பழுப்பு, வயிறு கருப்பு, கால் கருப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டிக்குப் போனால் ஒரு பெட்டையின் வயிறு வெளுத்துக் கிடக்கிறது. நான் பார்த்த கருப்பு, கரிசல் கண்மாயின் ஈர வண்டலில் படுத்துப் படுத்து அப்பியிருந்த சேறு. காய்ந்து முடியோடு ஒட்டிப்போயிருந்ததைத்தான் இனத்தின் அடையாளம் என்று நினைத்துக் காசு கொடுத்திருந்தேன். தரகர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் எதையும் சொல்லவேயில்லை, நான்தான் கேட்கவில்லை.

பிறகு மந்தை ஓட்டும் வயதான கீதாரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "முதுகப் பார்த்து ஆடு வாங்குனா இப்படித்தான் தம்பி. அது பேருலயே கீழன்னு இருக்குல்ல? குனிஞ்சு பார்க்க வேணாமா?"

அவர் சொன்னது சரி. இந்த ஆட்டுக்குக் கீழக்கரிசல், அடிக்கரைசல், கருவி, ராமநாட் கருவி என்று பல பெயர்கள் உண்டு. எல்லாப் பெயரும் கருப்பைத்தான் சொல்கிறது. அதில் இரண்டு பெயர்கள் அந்தக் கருப்பு எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. கீழே, அடியில்.

எங்கே, எப்போது பார்ப்பது

முடிந்தவரை கிடையிலேயே, அதாவது மந்தை இரவில் தங்கும் இடத்திலேயே, போய்ப் பாருங்கள். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை அமர்த்துவதற்காக நம் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சாவூர் வரை மந்தையை ஓட்டிப் போவார்கள். அவர்கள் ஊர் திரும்பியிருக்கும் நாளாக விசாரித்துக்கொண்டு, விடியற்காலையில், மேய்ச்சலுக்குத் திறந்துவிடும் முன்பே போய்விட வேண்டும். அங்கே தாயும் குட்டியும் கிடாவும் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு பெட்டையைப் பார்க்கும்போது அதன் தாயையும் போன ஈற்றுக் குட்டியையும் காட்டச் சொல்லலாம். இங்கே ஆட்டோடு வம்சாவளிச் சீட்டு எதுவும் வராது. கண்ணுக்கு முன்னால் நிற்கும் தாயும் குட்டியும்தான் அந்தச் சீட்டு.

சந்தைக்குத்தான் போக முடியும் என்றால் சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தை பெரியது. ஆனால் அங்கே எல்லா இனமும் கலந்து நிற்கும். அதோடு, ஓட்டிவருவதற்கு முன் தண்ணீர் காட்டி, வயிறு புடைக்க வைத்துத்தான் கொண்டுவருவார்கள். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தில் புது ஆள் தனியாக நிற்பது நல்லதல்ல. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தையல்காரர் டேப் ஒன்று, ஈரத்துணி ஒன்று, சின்ன நோட்டு ஒன்று. ஈரத்துணி எதற்கு என்பது மேலே உள்ள கதையிலேயே இருக்கிறது.

முதலில் பத்தடி தள்ளி நின்று

கிட்டே போனால் ஆடு மிரண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிடும். தள்ளி நின்று நடையைப் பாருங்கள். நொண்டல் இருக்கிறதா, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, தலையைத் தொங்கப் போட்டுக் கடைசியில் வருகிறதா. கூட்டத்தின் கடைசியில் தனியாக வரும் ஆட்டை நான் எந்த விலைக்கும் வாங்குவதில்லை.

நிறத்தையும் இங்கிருந்தே பாருங்கள். உடம்பு அடர்ந்த செம்பழுப்பாக இருக்க வேண்டும். புதுக் கருப்பட்டியை உடைத்தால் உள்ளே தெரியுமே, ஏறக்குறைய அந்த நிறம். வெளிறிய மஞ்சள் பழுப்பானால் யோசியுங்கள். உச்சி வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும். காலை வெளிச்சமே இதற்கு நம்பகமானது.

உடம்பு நடுத்தரம்தான். கீழக்கரிசல் பெரிய ஆடு அல்ல. வளர்ந்த கிடா ஏறக்குறைய 30 கிலோ, பெட்டை 20 முதல் 25 கிலோ. "நாப்பத்தஞ்சு கிலோ கீழக்கரிசல் கிடா" என்று யாராவது காட்டினால், நன்றாகத் தீனி போட்டு வளர்த்திருக்கலாம், அல்லது வேறு இரத்தம் கலந்திருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, குனிவது

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். ஆட்டைப் பிடிக்கும்போது முதுகு முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்காதீர்கள். தோலுக்கடியில் இரத்தம் கட்டிவிடும். ஒரு கை தாடைக்குக் கீழ், இன்னொரு கை பின்தொடையில். அப்படி நிறுத்திவிட்டு மணலில் முழங்கால் போட்டு உட்காருங்கள்.

கீழ்த்தாடையை முதலில் பாருங்கள். கருப்புப் புள்ளியோ திட்டோ அங்கே இருக்க வேண்டும். தலையில் வேறு இடங்களிலும் கருப்பு இருக்கலாம், ஆனால் இந்த இனத்தில் அது தாடையில்தான் அழுத்தமாகத் தெரியும். ஆடு தலை குனிந்து மேயும்போது இது மறைந்துவிடும். அதனால்தான் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். முகவாயை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள்.

அடுத்து வயிறு. இங்கேதான் ஈரத்துணி வேண்டும். அழுத்தி நாலு முறை துடைத்துவிட்டு, முடியைப் பிரித்து அடி வரை பாருங்கள். உண்மையான கருப்பு முடியின் நுனியிலிருந்து வேர் வரை ஒரே மாதிரி இருக்கும். சேறு என்றால் வேரில் வேறு நிறம் தெரிந்துவிடும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் ஏமாந்தேன்.

அதன்பின் கால்கள். அங்கும் கருப்பு இருக்க வேண்டும். நாலு காலிலும் ஒரே அளவாக, அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. தாடை, வயிறு, கால் ஆகிய மூன்று இடத்திலும் கருப்பு, மேலே செம்பழுப்பு. இந்த நாலும் சேர்ந்து வந்தால் நிறத்தைப் பொறுத்தவரை ஆடு தேறிவிட்டது.

காது, கழுத்து, வால், கொம்பு

காது நடுத்தர அளவு. வால் சிறியது, மெல்லியது. இவற்றில் புது ஆளைக் குழப்ப எதுவும் இல்லை.

கழுத்துக்குக் கீழே மணி போலத் தொங்கும் இரண்டு சதைத் துண்டுகள் பெரும்பாலான கீழக்கரிசல் ஆடுகளுக்கு இருக்கும். பெரும்பாலான என்பதைக் கவனியுங்கள். எல்லா ஆட்டுக்கும் இருக்காது. நல்ல மடியும் நல்ல காலும் உள்ள பெட்டையை, கழுத்து மணி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வீண் கறாராகத்தான் படுகிறது. அந்த மணி கறியும் கொடுக்காது, பாலும் கொடுக்காது. கூடுதல் சாட்சி, அவ்வளவுதான்.

கொம்பு விஷயம் வேறு. கிடாவுக்குத் தடித்த, முறுக்கிய கொம்பு இருக்க வேண்டும். பெட்டையிடம் இதைத் தேட வேண்டாம். கிடாவின் கொம்பு முறுக்கி வரும்போது நுனி கன்னத்தில் குத்துகிறதா என்று கொம்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையாவிட்டால் இன்னும் சில மாதத்தில் அது சதையைத் துளைக்கும், புண்ணாகும், புழு வைக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கரீபியக் கடலில் பார்படோஸ் என்று ஒரு தீவு. அங்கேயும் மேலே பழுப்பு, வயிறு கருப்பாக ஒரு செம்மறி இனம் இருக்கிறது. பெயரே பார்படோஸ் கருவயிறு. அதுவும் நம்முடையதைப் போலக் கம்பளி இல்லாத, குட்டை முடி ஆடுதான். படத்தில் பார்த்தால் கீழக்கரிசலுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். ஆனால் அங்கே இனத்தின் இலக்கணப்படி கிடாவுக்குக் கொம்பே இருக்கக் கூடாது. நம் ஊர் இலக்கணத்தில் கொம்பு இல்லாத கிடாதான் சந்தேகத்துக்குரியது. செல்போனில் வரும் வெளிநாட்டுப் படத்தை வைத்து ஆடு தேடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முடியைத் தடவிப் பாருங்கள்

செம்மறி என்றாலே கம்பளி என்று நினைத்து வருகிற நகரத்து நண்பர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கம்பளி ஆடு இல்லாமல் இல்லை. நீலகிரி ஆடு மென்கம்பளிக்குப் பெயர் பெற்றது, கோயம்புத்தூர் ஆட்டில் முரட்டுக் கம்பளி கிடைக்கும். அந்த இனங்களைத் தரம் பிரிக்கும்போது இழையின் நீளம், மென்மை, அடர்த்தி எல்லாம் கணக்கில் வரும். நம் கடலோர ஆட்டில் அந்தக் கணக்கே கிடையாது. முடி குட்டை, உடம்போடு படிந்து கிடக்கும், கத்தரிக்க வேண்டியதில்லை. சுருண்ட கம்பளி மாதிரிக் கொத்துக் கொத்தாக முதுகில் இருந்தால், வேறு இனம் எங்கோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உப்புக் காற்றும் வெயிலும் உள்ள இந்தக் கரையில் கம்பளி போர்த்திய ஆடு என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதோடு குழப்பிக்கொள்ளலாம்

பக்கத்திலேயே மேயும் மற்ற இனங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ராமநாதபுரம் வெள்ளை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். சிலவற்றில் கருப்பு அல்லது மங்கிய பழுப்புத் திட்டு வரும். கிடாவுக்கு முறுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. விளாத்திகுளம், புதூர் வட்டாரத்து வேம்பூர் ஆடு உயரமானது, காது தொங்கும், வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். பொட்டு ஆடு என்பார்கள். இந்த இரண்டையும் கீழக்கரிசலோடு யாரும் குழப்ப மாட்டார்கள்.

குழப்பம் வருவது செவலைகளில்தான். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செவ்வாடும் பழுப்பு, வடக்கே செங்கல்பட்டுப் பக்கத்து மெட்ராஸ் ரெட்டும் பழுப்பு. மெட்ராஸ் ரெட்டில் சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடை உட்புறத்திலும் அடிவயிற்றிலும் வெள்ளை இருக்கும். ஆக, மேலே ஒரே செவலை. கீழே ஒன்றில் கருப்பு, இன்னொன்றில் வெள்ளை. மறுபடியும் குனியத்தான் வேண்டும்.

பழைய குறிப்புகளில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று படித்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1985-ல் அந்தப் பெரிய மாவட்டம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று பிரிந்தது. சிவகங்கைக் கிடையில் நல்ல கீழக்கரிசல் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மதுரை, தஞ்சாவூர்ப் பக்கமும் இந்த இனம் உண்டு.

அடையாளம் சரி, ஆடு சரியா?

நிறம் எல்லாம் கச்சிதமாக இருந்தும் பட்டிக்கு உதவாத ஆடுகள் உண்டு. வாயைத் திறந்து பாருங்கள். செம்மறிக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. மேலே வெறும் ஈறு. எட்டும் சின்னஞ்சிறு பால் பல்லாக இருந்தால் குட்டி. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது. நாலு பல் ஏறக்குறைய இரண்டு வயது, ஆறு பல் மூன்றை ஒட்டி. எட்டும் நிரம்பிவிட்டால் நாலு வயதுக்குப் பக்கம். பல் இடைவெளி விட்டு, தேய்ந்து, ஆடிக்கொண்டிருந்தால் கிழடு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு பல், நாலு பல் பெட்டைதான் என் சிபாரிசு. கீழ்ப் பல் மேல் ஈறில் சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். முன்னே நீட்டிக்கொண்டோ உள்ளே தள்ளியோ இருந்தால் தரையோடு ஒட்டிய புல்லை அதனால் கடிக்க முடியாது. நம் பக்கம் கோடையில் புல் எல்லாமே தரையோடு ஒட்டியதுதான்.

கண்ணின் கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் சரி. வெளிறி வெள்ளையாக இருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. மடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால், எவ்வளவு அழகான தாடைக் கருப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிடாவுக்கு விதை இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, பையில் இறங்கியிருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடா இனவிருத்திக்கு ஆகாது. குளம்பை மறக்காதீர்கள். விரலிடுக்கில் நாற்றமோ சீழோ இருக்கக் கூடாது.

எடை போட ஒரு கணக்கு

தராசு இல்லாத இடத்தில் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். வயிற்றைச் சுற்றி வேண்டாம், அங்கேதான் தண்ணீர் இருக்கிறது. பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சு 25, நீளம் 23 என்றால் 25 × 25 = 625, அதை 23-ஆல் பெருக்க 14,375. வகுத்தால் ஏறக்குறைய 22 கிலோ. கிலோ இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் "முப்பது கிலோ நிக்கும்ணே" என்று அடித்துச் சொல்கிறவரிடம் நோட்டை நீட்ட இந்தக் கணக்கு உதவும்.

எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது

பெட்டையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கழுத்து மணி இல்லை, ஒரு காலில் கருப்பு குறைவு, நிறம் ஒரு சாயல் வெளிறல். இதற்கெல்லாம் நான் கவலைப்படுவதில்லை. கிடாவில் மட்டும் கறாராக இருங்கள். 20, 25 பெட்டைக்கு ஒரு கிடா என்று விடுகிறோம். ஒரு பெட்டையின் குறை வருடத்துக்கு ஒரு குட்டியோடு போகும், கிடாவின் குறை அத்தனை குட்டியிலும் இறங்கும். பக்கத்துக் கிடையின் வெள்ளைக் கிடா ஓரிரு வாரம் உங்கள் பெட்டைகளோடு மேய்ந்தாலே போதும். செம்மறியில் வெள்ளை நிறம் பெரும்பாலும் மற்ற நிறத்தை அமுக்கிவிடும். சுமார் ஐந்து மாதம் கழித்துக் குட்டி விழும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும். அதேபோல, ஒரே கிடாவை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு அதன் மகள்களோடேயே சேரவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேறு கிடையிலிருந்து கிடா மாற்றுவது நல்லது.

வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகு

புது ஆட்டை நேராகப் பழைய மந்தையில் விடாமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். முதல் வாரத்தில் குடற்புழு மருந்து. ஆட்டுக்கொள்ளை, துள்ளுமாரி ஆகிய நோய்களுக்கான தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று விற்றவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நீலநாக்கு நோய் கிளம்பும். கடிக்கும் சிறு பூச்சிகள் பரப்புவது அது. அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

தீனிக்கு உடைமரத்துக் காயும் சீமைக்கருவேலங்காயும் இந்தக் கரையில் கோடையில் கைகொடுக்கும். தொரட்டியால் உலுக்கினால் ஆடு ஓடிவரும். தண்ணீர்தான் பிரச்சினை. கடலை ஒட்டிய கிணறுகள் பல உவர்ப்பு. உங்கள் வாயில் வைக்க முடியாத தண்ணீரைச் சினை ஆட்டுக்கு வைக்காதீர்கள்.

குட்டி பிறந்த அன்றே நோட்டை எடுங்கள். தேதி, தாய், கிடா, தாடை, வயிறு, கால். மூன்று மாதத்தில் மறுபடி பார்த்து எழுதுங்கள். எந்தக் கிடாக்குட்டியை வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய அந்த இரண்டு வரி போதும்.

அந்த மழையில் வெளுத்த பெட்டை இன்னும் என் பட்டியில்தான் இருக்கிறது. ஈற்றுத் தவறாமல் குட்டி போடுகிறது, பாலும் நன்றாகவே இருக்கிறது. அதன் கிடாக்குட்டிகள் மட்டும் பல் போடும் முன்பே கறிக்குப் போய்விடும். நோட்டில் அதன் பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பது ஒரே சொல்: வண்டல்.